மூடிக்கொள்ளாத புற்று

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நாற்றுப் பண்ணையில் இனி குரோட்டன்சையும் சீமைப் புல்லையும் குறைத்து, ஆவாரை, நொச்சி, கிளுவை, ஆதண்டை முதலிய நம் மண்ணின் செடிகளை வளர்க்கப்போவதாகச் சொன்னீர்கள். நான் வேலையை விட்டு நின்ற பிறகு என் காதில் விழுந்த நல்ல செய்தி அது ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயன்படும்படி என் அனுபவத்தை எழுதித் தருமாறும் கேட்டுக்கொண்டீர்கள். அன்று அவர்களில் ஒருவன், "மண்ணு சாகுமுங்களா?" என்று என்னிடம் கேட்டான். சாகும் என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன். அன்று வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

எங்கள் குடும்பம் அம்மாபேட்டையில் தறிக்குழியில் கால்வைத்துப் பிழைத்த குடும்பம். பஞ்சுத் தூசி என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இழுப்பு வந்து இரண்டு முறை பிழைத்தேன். வெளிக்காற்றில் வேலை பார் என்று வைத்தியர் சொன்னதால், சூரமங்கலத்தில் தங்களுக்கு முன்பிருந்தவர் நடத்திய இதே பண்ணையில் தண்ணீர் ஊற்றும் ஆளாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. மூன்றாண்டுகள் தண்ணீர் ஊற்றினேன், மண் சலித்தேன், தொட்டி கழுவினேன். அதைப்பற்றி எழுத அதிகமில்லை. அதன்பிறகு என்னைக் கோதண்டம் ஐயாவோடு வெளித்தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். என் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று சொல்வேன்.

கோதண்டம் ஐயா பண்ணையின் மேற்பார்வையாளர். சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். ஒல்லியான உடம்பு, காக்கிச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு முழத் துணிச்சுருள். மேற்கத்தி ஊர்களில் எவரும் எவரிடமும் 'ங்க' சேர்க்காமல் பேசமாட்டார்கள் அல்லவா. இவருக்கு அது வாயில் வராது. "என்னா ஆச்சு?" "எப்போ வெச்சீங்க?" என்று வெட்டினாற்போல் கேட்பார். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவர், "உங்க மேஸ்திரி சண்டைக்கு வந்தாப்ல பேசறாருங்க" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டது உண்டு. அதே மனிதர் மறுமாதம், அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆள்விட்டார்.

ஐயாவுக்கு ஒரு முறை இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் மண்வெட்டியைத் தொடமாட்டார். நிழலாகப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். என்னையும் மூடச் சொல்வார். சிறிது நேரம் கழித்து, "என்னா கேட்டுது?" என்பார். தவிட்டுக்குருவி, தேனீ, சருகுக்குள் அரணை ஓடியது, இலைவெட்டும் பூச்சி என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அடுத்து ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் குடியிருப்பவர்களைப் பார்ப்பார். அவர் 'பூச்சி' என்று சொல்லி நான் கேட்டதில்லை, 'குடியிருப்பவர்கள்' என்றே சொல்வார். பார்த்த பிறகு கல்லை இருந்தவாறே வைப்பார். கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து பருத்தித் துணியை எடுத்து, சாண் அளவாகக் கிழித்து, தோட்டத்தின் நான்கு இடங்களில் கைப்பிடி ஆழத்தில் புதைப்பார். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், உயிருள்ள மண் துணியைச் சல்லடையாகத் தின்று வைத்திருக்கும். உயிர் குறைந்த மண் ஓரத்தை மட்டும் கடித்திருக்கும். அந்தத் துணி எங்கள் வீட்டுத் தறியின் கழிவுத் துண்டு. நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். "நாங்க நெய்யறதுக்கு உசுர உடறோம், நீ அதைக் குழியில போட்டுப் பொதைக்கறயா" என்று என் தகப்பனார் கேலி செய்வார்.

இன்னொரு விதியும் உண்டு. எத்தனை அழகுத் தோட்டமானாலும் ஒரு மூலையை விட்டுவிட வேண்டும். அங்கே கொத்தக்கூடாது, கூட்டக்கூடாது, எரிக்கக்கூடாது. நாயுருவியும் தும்பையும் கோவைக்கொடியும் தானாக வந்து ஏறட்டும் என்பார். ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இதனால் பெரிய வாக்குவாதம் வந்தது. அந்த வீட்டு அம்மாள் சருகைக் குவித்து எரிக்கச் சொன்னார். ஐயா மறுத்துவிட்டார். இது தோட்டமா குப்பைமேடா என்று அம்மாள் கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. மேல இருக்கறது கூடம், கீழ இருக்கறது சமையக்கட்டு. சமையக்கட்டக் கொளுத்திட்டுக் கூடத்துல எலை போட்டுக் காத்திருப்பீங்களா?" என்றார் ஐயா. அம்மாள் சிரித்துவிட்டார். அந்தச் சருகுமேடு பல ஆண்டுகள் அங்கே இருந்தது.

இவ்வளவும் முன்னுரை. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நாமக்கல்லுக்கு மேற்கே ஓர் ஊர். பெயரை இங்கே எழுதவில்லை, தங்களிடம் நேரில் சொல்கிறேன். அவ்வூரில் நிலபுலம் உள்ள பெரியவர் ஒருவர், பழனியப்பர் என்று வைத்துக்கொள்வோம், பழைய வீட்டை ஒட்டிப் புதிதாக ஒரு வீடு கட்டியிருந்தார். மகன் லாரி வைத்து வடநாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். வீட்டில் பெரியவரும் அவர் மனைவி செல்லம்மாளும் மருமகள் மல்லிகாவும் இருந்தார்கள். புது வீட்டைச் சுற்றி ஒட்டுமாவும் சப்போட்டாவும் பூச்செடிகளும் வைத்திருந்தார்கள். வைத்ததெல்லாம் வெளுத்துப்போய் நிற்கிறது, காரணம் தெரியவில்லை, வந்து பாருங்கள் என்று பெரியவர் பண்ணைக்கு ஆள் அனுப்பினார். ஐயாவும் நானும் ஒரு வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் போய் இறங்கினோம்.

வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பழைய கிளுவை வேலியைத் தாண்டி உள்ளே போனதும் ஐயா வழக்கம்போல ஒரு பழைய மாமரத்தடியில் உட்கார்ந்தார். நானும் கண்ணை மூடினேன்.

தங்களுக்கு அந்த உச்சிப்பொழுதை எப்படி எழுதுவதென்று பலநாள் யோசித்திருக்கிறேன். வேலிக்கு வெளியே பக்கத்துக் காட்டில் கரிச்சான் கத்துவது எனக்குக் கேட்டது. தொலைவில் ஏதோ கிணற்றில் பம்ப்செட் ஓடியது. ஆனால் வேலிக்கு உட்பட்ட அந்த நிலத்திலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. ஓர் ஈகூட முகத்தில் வந்து உட்காரவில்லை. கிராமத்துத் தோட்டத்தில், மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், வியர்வையோடு உட்கார்ந்திருப்பவன் முகத்தில் ஈ உட்காரவில்லை என்றால் அது எத்தகைய நிலை என்று தங்களுக்குத் தெரியும். கண்ணைத் திறந்துவிட வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு எனக்குப் பயம் வந்தது. பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"என்னா கேட்டுது?" என்றார் ஐயா.

"ஒண்ணுமே கேக்கலைங்க."

அவர் தலையசைத்தார். எழுந்து நடந்தோம். மரத்தடியில் மாவிலைகள் விழுந்து கிடந்தன. போன ஆண்டு இலை எது, இந்த ஆண்டு இலை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் அட்டைபோல விறைத்து, நரம்பு கெடாமல் முழுதாக இருந்தன. மாடு போட்ட சாணம் போட்ட வடிவத்திலேயே காய்ந்து கிடந்தது. அதில் வண்டு துளைத்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. நடைபாதை ஓரத்தில் ஓர் ஓணான் மல்லாந்து செத்துக் கிடந்தது. குச்சியால் ஐயா புரட்டினார். வற்றிச் சுருங்கியிருந்ததே தவிர, அதன்மேல் ஓர் எறும்பும் இல்லை. கல்லைப் புரட்டினோம். ஈரமண் இருந்தது. குடியிருப்பவர் எவரும் இல்லை. மண்ணை அள்ளி முகர்ந்தபோது, பூட்டிவைத்த பழைய பெட்டியைத் திறந்தாற்போன்ற ஒரு பூஞ்சண வாடை வந்தது. ஐயா கையை வேட்டியில் துடைக்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய்க் கழுவினார். என்னையும் கழுவச் சொன்னார்.

செல்லம்மாள் மோர் கொண்டுவந்தார். பெரியவரைக் காட்டிலும் அந்த அம்மாள்தான் அதிகம் பேசினார். தோட்டம் வாடியதற்கு உரமும் தண்ணியும் காரணமில்லை, நாகாத்தாளுக்கு ஏதோ மனக்குறை, அதுதான் குருவிகூட இங்கே இறங்குவதில்லை என்றார். தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் பழைய வெள்வேல மரத்தடியில் ஒரு புற்று இருந்தது. ஆள் உயரம் இருக்கும். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றிக் கும்பிடும் புற்று அது. ஐயாவின் கணக்கில் சொன்னால், அந்தத் தோட்டத்தின் விட்டுவைத்த மூலை.

மல்லிகா மாசமாக இருந்தாள். முன்பு ஒன்று தங்காமல் போய்விட்டது. இது நின்றிருக்கிறது. வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தார்கள். ஆனால் இரண்டு மாதமாக அவளுக்குக் கைகால் நடுக்கம். சில நாளில் கண் செருகி விழுந்துவிடுகிறாள். நாமக்கல்லில் மருத்துவரிடம் காட்டி, அங்கேயே நான்கைந்து நாள் வைத்திருந்தார்களாம். அங்கே தெளிந்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்ததும் மறுபடி நடுக்கம்.

"இந்த ஊட்ட உட்டுப் போனாத் தெளிஞ்சுக்கறாளுங்க. வாசப்படி ஏறுனா வந்துருது. ஆத்தா இவளத் தன்கூட வெச்சுக்கோணும்னு நெனைக்கறா" என்றார் செல்லம்மாள். குரல் இறங்கியிருந்தது. "அதுக்குத்தான் நானும் தெனம் புத்து மண்ணெடுத்து நெத்தியில, வயித்துல பூசி, நாக்குல ஒரு சிட்டிக வெக்கறனுங்க. ஆத்தா மனசெறங்கோணும்ல."

பெரியவர் அப்போது அங்கில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். இதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும். புற்றுப் பூசை பெண்களுடையது. ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. மண்ணை நெற்றியில் பூசுவது அவருக்குத் தெரியும். வாய்க்குள் போவது தெரியாது.

மாலை வெயில் சாயும் நேரத்தில் நான் வேலியோரமாக எந்தச் செடிகள் உயிரோடிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வெள்வேல மரத்துக்குப் பின்னால் ஒரு பெண் குந்தியிருப்பது தெரிந்தது. மல்லிகாதான். பச்சைச் சேலை, முதுகு எனக்கு. புற்றின் வாய் விளிம்பில் விரல் வைத்துக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சிட்டிகை அல்ல. மாசமான பெண்களுக்கு மண் தின்னும் ஆசை வருவது புதிதல்ல. எங்கள் தெருவில் அடுப்புக்கட்டியைத் தின்றவர்களும் உண்டு. ஆனால் இவள் தின்றவிதம் வேறு. அவசரமில்லை, ஒளிவில்லை. தூக்கத்தில் நடப்பவர் ஒரு வேலையைச் செய்வதுபோல் கிள்ளுவதும் வாயில் வைப்பதுமாக இருந்தாள். விரல் நடுங்கிப் பாதி மண் மடியில் உதிர்ந்தது. நான் செருப்பைத் தேய்த்துச் சத்தம் செய்தேன். அவள் திரும்பினாள். பயப்படவில்லை.

"ருசியா இருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். எழுந்து மெல்ல வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் ஓடிப்போய் ஐயாவை அழைத்துவந்தேன். அவர் புற்றுக்குக் கைகூப்பிவிட்டு, தொடாமல், குனிந்து பார்த்தார். நாள்தோறும் மண் எடுக்கும் இடம் தேய்ந்து ஒரு கிண்ணம்போல் குழிந்திருந்தது. உள்ளே இருட்டுக்குள் வழி திறந்து கிடந்தது. ஐயா செல்லம்மாளைக் கூப்பிட்டு, இந்த வாய் எத்தனை நாளாகத் திறந்திருக்கிறது என்று கேட்டார். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அதுதானுங்க அதிசயம். முன்னெல்லாம் இன்னைக்கு எடுத்தா விடியறதுக்குள்ள மூடிக்கும். மாசமான பொண்ணு எடுக்கறான்னு இப்ப ஆத்தா வாயத் தொறந்தே வெச்சிருக்கறா."

இன்று இனி மண் எடுக்க வேண்டாம், நாளைக் காலையில் நான் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் ஐயா சொன்னார். இன்றைக்கு எடுத்தாயிற்று, இனி நாளை வெள்ளிக்கிழமைப் பூசையில்தான் எடுப்போம் என்றார் அம்மாள்.

தாங்கள் புதிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இந்த இடம். புற்று என்பது கறையான் கட்டிய வீடு. வீட்டில் ஆள் இருந்தால் உடைந்த சுவரை அன்றே பூசிவிடுவார்கள். எச்சிலும் மண்ணும் குழைத்து, விடிவதற்குள் ஈரச்சுவர் எழும்பியிருக்கும். பாம்பு பிறகு வந்து குடியேறுகிறது. கறையான் செத்த புற்றில் உடைப்பு உடைப்பாகவே நிற்கும். கறையானைத் தின்ன வரும் பல்லியும் குருவியும் வாரா. அவற்றைத் தேடி வரும் பாம்பும் வராது. மூலையை விட்டுவிடு என்று ஐயா சொல்வாரே, அந்த மூலையிலிருந்துதான் தோட்டம் முழுவதற்கும் உயிர் நடந்து வரும். இங்கே அதே மூலையிலிருந்து வேறொன்று நீரோடு நடந்து வந்திருந்தது.

அன்றிரவு அவர்கள் களத்துக் கொட்டகைச் சாளையில் படுத்தோம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தோம். குழி திறந்தே இருந்தது. ஐயா ஒரு நீண்ட ஈர்க்கை உள்ளே விட்டு இழுத்தார். நுனியில் ஒட்டிய மண்ணில், முந்தின நாள் முகர்ந்த அதே பூஞ்சண வாடை, பத்து மடங்கு.

நேராகக் கிணற்றடிக்குப் போனார். பழனியப்பர் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஐயாவின் வழக்கம், காரணத்தைத் தாமாகச் சொல்லாமல் தோட்டக்காரர் வாயிலிருந்தே வரவழைப்பது. நாம் சொன்னால் நம்மேல் கோபித்துக்கொண்டு மறுபடி அதையே செய்வார்கள் என்பார். அன்று அந்த வழக்கத்தை அவர் கைவிட்டதை முதன்முதலாகப் பார்த்தேன்.

"புத்துக்குள்ள என்னா ஊத்தினீங்க?" என்றார்.

"என்னங்க பேசறீங்க. அது நாங்க கும்புடற எடமுங்க."

"அதனாலதான் கேக்கறேன். கறையான் ஒட்டு மரத்த அரிச்சுது. புத்த இடிக்க முடியாது. கறையான் பொடியக் கரைச்சு உள்ள ஊத்தினீங்க. ஒருக்கா இல்ல."

பெரியவர் வாய்க்காலிலிருந்து காலை எடுக்கவில்லை. தண்ணீர் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, யாருக்கும் தெரியாது, சொல்லவும் முடியாது என்றார். மெல்ல மெல்லச் சொன்னார். செல்லம்மாளுக்குத் தெரிந்தால் முதல் பிள்ளை தங்காமல் போனதும் தன்னால்தான் என்று ஆகிவிடும். அந்த மரங்கள் அவர் மகனுக்காக வைத்தது. கடையில் மூட்டையாக விற்கும் கறையான் பொடிதானே என்று நினைத்தார். வீட்டுப் பெண்கள் மலைக் கோயிலுக்குப் போன நாளில் முதல் முறை. பிறகு மற்றொரு முறை. அதன்பின் இன்னொரு முறை. "எனக்கும் ராத்திரியில தூக்கமில்லீங்க. மருமவ நடுங்கறப்பெல்லாம், ஆத்தா என்னையக் கேக்கறான்னு நெனச்சுக்குவேன்" என்றார்.

"ஆத்தா கேக்கல. அந்த மண்ண அந்தப் பொண்ணு தின்னுது" என்றார் ஐயா. "தெனம். கை நெறைய. இவன் பாத்திருக்கறான்."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அதே நேரத்தில் தோட்டத்து மூலையில் மணியோசை கேட்டது. பூசை தொடங்கிவிட்டது.

"நீங்க சொல்றீங்களா, நான் போயிச் சொல்லட்டுமா?" என்றார் ஐயா.

பெரியவர் வாய்க்காலிலிருந்து கரையேறினார். வரப்பில் கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்தார். ஏன் மாட்டினார் என்று தெரியவில்லை. பழக்கம் போலும். அந்தச் செருப்போடே, ஆண்கள் போகாத அந்த இடத்துக்கு, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி நின்ற நடுவில் போனார். பெண்கள் விலகினார்கள். ஒருத்தி அவர் காலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மல்லிகா பலகையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தும் தோளும் ஆடிக்கொண்டிருந்தன. ஆத்தா வந்துவிட்டாள் என்று ஒரு கிழவி குலவையிட ஆரம்பித்திருந்தாள். செல்லம்மாள் மூன்று விரலில் மண்ணை எடுத்து மருமகளின் வாயருகே கொண்டுபோயிருந்தார். மல்லிகா நாக்கை நீட்டியிருந்தாள்.

பெரியவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"திங்காத சாமி" என்றார், மருமகளிடம். "அதுல மருந்து கெடக்குது. ஊத்துனது நான்தான்."

குலவை நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதி முந்தின நாள் உச்சிப்பொழுதின் அமைதியைவிடப் பெரியது. செல்லம்மாள் கணவரைப் பார்க்கவில்லை. எப்போது என்று கேட்டார். நீ மலைக்குப் போனப்ப என்றார் அவர். அம்மாள் அழவில்லை, திட்டவில்லை. பிடித்திருந்த கையை உதறி விடுவித்து, விரலில் இருந்த மண்ணைத் தள்ளிப்போட்டார். பிறகு முந்தானையை எடுத்து, மருமகளின் நீட்டிய நாக்கை, குழந்தைக்குத் துடைப்பதுபோல, திரும்பத் திரும்பத் துடைத்தார். முந்தானை நுனியில் மஞ்சளும் மண்ணும் ஒட்டின. அப்புறமும் துடைத்துக்கொண்டே இருந்தார். "அம்மிணி, துப்பு. துப்புடா கண்ணு" என்று சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது.

பக்கத்து ஊரிலிருந்து வாடகைக் கார் பிடித்துச் சேலத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பொடி வைத்திருந்த சாக்கை ஐயா மடித்துக் கையோடு எடுத்துவந்து மருத்துவரிடம் காட்டினார். முன்பு பார்த்தவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மாசமானவளுக்கு வரும் வலிப்பு என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். இந்தச் சாக்கை யாரும் அவர்களிடம் காட்டவில்லை. மல்லிகா பல நாள் அங்கே இருந்தாள். நடுக்கம் நின்றது. பிறந்தது பெண் குழந்தை. மிகச் சிறியது. ஆனால் அழுத குரல் வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்டது என்று செல்லம்மாள் பிறகு சொன்னார்.

தோட்ட வேலை அதன்பின்பே தொடங்கியது. எத்தனையோ தோட்டம் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு தோட்டத்துக்கு உயிரைத் திருப்பிக் கொண்டுவந்த வேலை அது ஒன்றுதான். நாங்கள் புதைத்த துணி முதலாண்டு போட்டபடியே, மடிப்புக் கலையாமல் வெளியே வந்தது. கிணற்றுத் தண்ணீர் குடிக்க நிறுத்தப்பட்டது. ஒட்டு மரங்கள் எடுக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் சணப்பையும் கொழிஞ்சியும் விதைத்து, பூத்ததும் உரமாக மண்ணோடு மடக்கி உழுதோம். வேலியோரம் ஆவாரையும் நொச்சியும் சங்கஞ்செடியும் வைத்தோம். பக்கத்துக் காட்டுப் பழைய கிளுவை வேலியின் அடியில், தலைமுறைகளாக இலை விழுந்து மக்கிய கருமண் இருந்தது. அதில்தான் குடியிருப்பவர்கள் இருந்தார்கள். அந்த மண்ணைக் கூடை கூடையாக இங்கே கொண்டுவந்து மரத்தடிகளில் பரப்ப வேண்டும். ஆள் வைக்கலாம் என்றார் ஐயா. பழனியப்பர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கோடை முழுவதும் அவரே தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தார். பட்டப்பகலில், வெறுங்காலோடு. செல்லம்மாள் அவருக்குச் சோறு போட்டார். பேச்சு மட்டும் அவசியத்துக்கு மேல் இல்லை. எதையோ எதிர்பார்ப்பவர்போல அவர் ஒவ்வொரு மாலையும் அந்தப் பழைய மாமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புற்றை என்ன செய்வது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருந்தது. இடித்து மண்ணை ஆழப் புதைத்துவிட வேண்டும் என்றார் ஐயா. கும்பிட்ட புற்றை இடிக்க யார் கையும் எழவில்லை. கடைசியில் சுற்றிலும் கிளுவைக் கிளைப் போத்துகளை நெருக்கமாக நட்டு, ஆள் நுழையாதபடி வேலி கட்டினோம். அங்கே மண் எடுக்கக்கூடாது என்று குடும்பத்துக்குள் ஒரு கட்டுப்பாடு. அது போதும் என்று அப்போது எல்லோரும் நினைத்தோம்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திருமணத்தில் மல்லிகாவைப் பார்த்தேன். கையில் அந்தப் பெண் குழந்தை, நன்றாக இருந்தது. நலம் விசாரித்துவிட்டு, தயக்கத்தோடு ஒன்று கேட்டேன். அந்த மண்ணில் கசப்பும் வாடையும் தெரியவில்லையா என்று. அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சற்று யோசித்தாள்.

"இல்லீங்க. அதச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதுக்கப்பறம் எத்தனையோ மண்ணு வாயில வெச்சுப் பாத்துட்டேன். எதுலயும் அந்த ருசி இல்லீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோதண்டம் ஐயா இப்போது இல்லை. பழனியப்பரும் செல்லம்மாளும் காலமாகிவிட்டார்கள். மகன் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டான். போன வாரம் வேறு காரியமாக அந்தப் பக்கம் போயிருந்தேன். தோட்டத்தை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். வேலியை எடுத்துவிட்டார்கள். வெள்வேல மரம் இல்லை. புற்று இருக்கிறது. இடிக்க யாருக்கும் துணிவு வரவில்லை போலும். புதிதாக வீடு கட்டி வந்தவர்கள் அதற்குத் தகரக் கொட்டகை போட்டு, மஞ்சள் துணி சுற்றியிருக்கிறார்கள். வாய் திறந்திருக்கிறது. விளிம்பில் விரலால் கிள்ளிய புதுத் தடம் பார்த்தேன். அங்கே இருந்த ஒரு பெண்மணியிடம் நடந்ததைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருடைய மருமகள் வாசலில் நின்றாள். மாசமாக இருந்தாள்.

பொடியின் வீரியம் எத்தனை காலம் மண்ணில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களைத் தாங்கள்தான் அழைத்துப்போக வேண்டும். என் சொல் அங்கே எடுபடவில்லை. மண்ணைச் சோதித்துச் சொல்லும் ஒருவர் சொன்னால் எடுபடும். ஊரின் பெயரையும் இடத்தையும் இந்த வாரமே நேரில் வந்து சொல்கிறேன்.

அதுவரையிலும், அதற்குப் பின்பும், இதைக் கிழித்துவிடாமல் பண்ணையில் வைத்திருக்க வேண்டுகிறேன்.